சனி யாரைப் பிடிக்கிறான்?



"அவனுக்குச் சனி பிடித்திருக்கிறது" என்று ஒரு தடவையாவது சொல்லாத வாய் நம் நாட்டில் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. மாடு செத்தால் சனி. கடன்காரன் வாசலில் வந்து நின்றால் சனி. பையன் பரீட்சையில் தவறினால் சனி. பெண்ணுக்கு வரன் தட்டிப்போனால் சனி. இப்படியாக ஊரிலுள்ள சகல கஷ்டத்திற்கும் ஒரே பொறுப்பாளியாகச் சனியைப் பிடித்து வைத்துக்கொண்டு, கஷ்டத்திற்கு உண்மையான காரணமாயிருக்கிற வட்டிக்காரனையும் கூலியைக் குறைத்தவனையும் கும்பிட்டு வழியனுப்பி விடுகிறோம்.

சனி பிடிக்கிறது என்பது முழுப் பொய் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. சனி பிடிக்கத்தான் பிடிக்கிறது. வியாழனும், அதாவது ஜோசியர் குரு என்று சொல்லுகிற அந்தக் கிரகமும், பிடிக்கத்தான் பிடிக்கிறது. ஆனால் எதைப் பிடித்தது, எந்த வருஷத்தில் பிடித்தது, எவ்வளவு தூரத்திலிருந்து பிடித்தது, பிடித்ததனால் என்ன ஆயிற்று என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, பிறகு ஜோசியர் சொல்லுவதையும் பார்த்து, எது யோக்கியமான பேச்சு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இதை எழுதத் தூண்டிய காரியத்தை முதலில் சொல்லி விடுகிறேன். என் தெருவில் ஒரு நெசவுத் தோழர். தறியை நம்பிப் பிழைக்கிற குடும்பம். அவர் மகளுக்கு ஒரு வரன் வந்து, இருதரப்பும் பார்த்து, பையனும் பெண்ணும் பேசிச் சம்மதித்து, எல்லாம் முடிந்தது. கடைசியில் பையன் வீட்டார் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு ஜோசியரிடம் போனார்கள். அவர், "பையனுக்கு ஏழரைச் சனி நடக்கிறது, இப்போது கலியாணம் செய்தால் மாமனார் குடும்பத்திற்கு ஆகாது, பெண் வீட்டார் ஒரு ஹோமம் செய்து பரிகாரம் தேடினால் பார்க்கலாம்" என்றார். நெசவாளி 12,000 ரூபாயைக் கந்து வட்டிக்கு வாங்கிப் பரிகாரம் செய்தார். பரிகாரம் முடிந்தபின், "இன்னும் ஒரு வருஷம் பொறுப்பது நல்லது" என்று பதில் வந்தது. பொறுத்தார்கள். பையனுக்கு வேறு இடத்தில் கலியாணம் ஆகிவிட்டது. இன்று அந்த வீட்டில் பெண்ணும் இருக்கிறாள், கடனும் இருக்கிறது. இந்தக் குடும்பத்தைப் பிடித்தது எது? ஆகாயத்திலிருக்கிற சனியா? தரையிலிருக்கிற ஜோசியரும் வட்டிக்காரனுமா?

நிற்க. இனி ஆகாயத்திற்குப் போவோம். நான் காலேஜ் வாசலை மிதித்தவனல்ல. வாசகசாலையில் கிடைத்ததைப் படித்து, விளங்காததைத் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன்தான். ஆகவே எனக்கு விளங்கிய சங்கதி உங்களுக்கும் விளங்கும்.

சூரியனைச் சுற்றுகிற கிரகங்களில் வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்ற நான்கும் இராட்சதக் கிரகங்கள். இவற்றின் பாதைகளுக்கு நடுவே சின்னச் சின்ன உருண்டைகளும் கட்டிகளும் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஐஸும் தூசியும் கல்லும் கலந்தவை. மிகப் பெரியதே குறுக்களவில் சுமார் 250 கிலோமீட்டர்தான். நூற்றுக்கணக்கில் இதுவரை கண்டுபிடித்திருக்கிறார்கள். இவற்றிற்குச் சென்டார்கள் என்று பெயர். நம் புராணத்தில் பாதி மனிதனும் பாதி சிங்கமுமாக ஒன்று இருக்கிறதுபோல, கிரேக்கர் புராணத்தில் பாதி மனிதனும் பாதி குதிரையுமாக இருக்கிற ஜாதிக்குச் சென்டார் என்று பெயர். இந்தக் கட்டிகளும் பாதி கல் கோளைப் போலவும் பாதி வால் நட்சத்திரத்தைப் போலவும் நடந்துகொள்வதால் அந்தப் பெயர் பொருத்தமாயிற்று. பெயரோடு புராணத்தின் வேலை முடிந்தது. அங்கே யாரும் இவற்றிற்குக் கோவில் கட்டி எள் விளக்கு ஏற்றவில்லை.

இவற்றில் முதலில் பெயர் பெற்றது கைரோன். அமெரிக்காவில் பலோமர் மலையிலுள்ள வானாராய்ச்சி நிலையத்தில், சார்லஸ் கோவால் என்பவர் 1977ம் வருஷம் அக்டோபரில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கையில், நவம்பர் 1ந் தேதி அதைக் கண்டுபிடித்தார். பிறகு பழைய படங்களைத் துழாவிப் பார்த்ததில், 1895ம் வருஷத்துப் படத்தில்கூட அது ஒரு புள்ளியாக விழுந்திருந்தது தெரிந்தது. எண்பது வருஷத்திற்கு மேலாகப் படத்தில் இருந்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

கைரோன் சூரியனை ஒரு தடவை சுற்றிவரச் சுமார் 50 வருஷம் பிடிக்கிறது. சூரியனுக்கு மிக அருகில் வரும்போது சனியின் பாதைக்கும் உள்ளே, சுமார் 127 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. மிக விலகும்போது யுரேனஸ் பாதையை எட்டுகிற அளவுக்கு, சுமார் 283 கோடி கிலோமீட்டர் போய்விடுகிறது. 1996ம் வருஷம் பிப்ரவரியில் அருகே வந்தது. இனி 2046ல் அருகே வரும். இது ஜோசியமல்ல, கணக்கு. அன்றைக்கு இருப்பவர்கள் தூரதிருஷ்டிக் கண்ணாடியை வைத்துச் சரி பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது சனி பிடித்த கதைக்கு வருவோம். சனியின் பாதையைக் குறுக்கே வெட்டிப் போகிற வஸ்து என்றைக்காவது ஒரு நாள் சனிக்குச் சமீபத்தில் சிக்கித்தானே தீரவேண்டும்? கைரோனின் பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள், கி.பி. 720ம் வருஷத்தில் அது சனிக்குச் சுமார் 3 கோடி கிலோமீட்டர் சமீபத்தில் வந்தது என்று கண்டிருக்கிறார்கள். சனியின் இழுப்பு அதன் பாதையை வளைத்துச் சுருக்கிவிட்டது. அதற்கு முன் சுமார் 55 வருஷமாக இருந்த அதன் சுற்று, அதன்பின் சுமார் 50 வருஷமாகக் குறைந்துபோயிற்று. தோழர்களே, உண்மையான சனிப்பிடி என்றால் இதுதான்! அப்போது காஞ்சியில் பல்லவர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். இந்தச் சனிப்பிடியை அக்காலத்து ஜோசியர் எவராவது கண்டு சொன்னாரா? பிடித்ததும் தெரியாது, பிடிபட்டதும் தெரியாது. ஆயிரத்திருநூற்று ஐம்பது வருஷத்திற்கும் மேல் கழித்து, கணக்குப் போடத் தெரிந்தவர்கள் கண்டு சொன்னார்கள்.

சனிக்குச் சொன்னதே வியாழனுக்கும் பொருந்தும். 1943ம் வருஷத்தில் பின்லாந்து தேசத்தில் லீசி ஓட்டர்மா என்கிற பெண் விஞ்ஞானி ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதன் சரித்திரத்தைக் கணக்கிட்டதில், அது முன்பு வியாழனுக்கு அப்பால் சுமார் 18 வருஷத்திற்கொரு தடவை சுற்றிக்கொண்டிருந்தது என்றும், 1937ல் வியாழன் அதை இழுத்து உள்ளே போட்டுச் சுமார் 8 வருஷச் சுற்றாக்கிவிட்டது என்றும் தெரிந்தது. பிறகு 1963ல் அது மறுபடி வியாழனுக்குச் சுமார் ஒன்றரைக் கோடி கிலோமீட்டர் சமீபத்தில் வந்து சிக்கியது. வியாழன் அதைத் தூக்கித் தன் பாதைக்கு வெளியே எறிந்துவிட்டது. இப்போது அதன் சுற்று சுமார் 19 வருஷம். இருபத்தாறு வருஷம் பிடித்து வைத்திருந்து பிறகு விட்டுவிட்ட இந்த உண்மையான குருபார்வையைப் பற்றி எந்தப் பஞ்சாங்கத்தில் ஒரு வரி இருந்தது?

இந்த ஐஸ் கட்டிகள் எல்லாம் நெப்டியூனுக்கு அப்பாலுள்ள குளிர்ந்த வெளியிலிருந்து உள்ளே வந்து சேர்ந்தவை என்பது ஆராய்ச்சிக்காரர்களின் முடிவு. ஒரு இராட்சதக் கிரகம் இன்னொன்றினிடம் தள்ள, அது அடுத்ததனிடம் தள்ள, இப்படிப் பந்தாடப்பட்டு, கடைசியில் சில சூரியனருகே வந்து வால் நட்சத்திரமாகின்றன. சில சூரியக் குடும்பத்தைவிட்டே எறியப்படுகின்றன. சில ஏதாவதொரு கிரகத்தில் மோதி ஒழிகின்றன. இவற்றின் பாதைகள் பத்து லட்சக்கணக்கான வருஷங்களுக்குமேல் நிலைத்திருப்பது அபூர்வம். சூரியக் குடும்பத்தின் வயதோ சுமார் 460 கோடி வருஷம். அப்படியானால், ஆகாயத்தில் எல்லாம் ஆதியில் ஒருவன் அமைத்த ஒழுங்குப்படி அசையாமல் நடக்கிறது என்று சொல்லுகிற பேச்சு என்ன ஆகிறது? அங்கேயும் இடம் மாறுதலும், மோதலும், நாசமும் ஓயாமல் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. நடத்துகிறவன் ஒருவன் தேவைப்படவில்லை. இழுப்பு விசை போதும்.

அதிலும் ஒன்று கவனியுங்கள். சனிக்கு எவ்வளவோ சமீபத்தில் வந்த கைரோனுக்கு நேர்ந்த கதி என்ன? பாதை வளைந்தது, அவ்வளவுதான். சனி பூமிக்கு மிக அருகில் வரும்போதே சுமார் 120 கோடி கிலோமீட்டர் தூரத்திற்கு அப்பால் இருக்கிறது. கைரோனோ 3 கோடி கிலோமீட்டரில் சிக்கியது. அதாவது நாற்பது பங்கு சமீபம். நியூட்டன் கண்ட விதிப்படி இழுப்பு ஆயிரத்து அறுநூறு மடங்கு அதிகம். அவ்வளவு இழுப்புக்கு உட்பட்ட கட்டிக்கே பாதை வளைந்ததோடு சரியென்றால், இத்தனை தூரத்திற்கு இப்பால் இருக்கிற நெசவாளி மகளின் கலியாணத்தை மாத்திரம் அந்தச் சனி எட்டிப் பிடித்துத் தடுக்குமா?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். குழந்தை பிறக்கும்போது பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி 60 கிலோ எடையுள்ளவராக, குழந்தையிலிருந்து ஒரு அடி தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சனி மிக அருகில் இருக்கும் சமயத்தில்கூட, குழந்தையின்மேல் அதற்குள்ள இழுப்பைவிட அந்த மருத்துவச்சியின் இழுப்பு ஒன்றரை மடங்குக்கு மேலாக இருக்கும். ஆகவே ஜாதகம் எழுதுகிறவர்கள் சனி எந்த இராசியில் நின்றது என்று எழுதுவதற்கு முன்னால், மருத்துவச்சி எந்தப் பக்கம் நின்றார் என்றல்லவா எழுதவேண்டும்?

இதற்கு ஜோசியர் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார். "நாங்கள் சொல்லுவது இந்த இழுப்பு அல்ல; அது சூட்சுமமான சக்தி" என்பார். நல்லது. அந்தச் சூட்சும சக்தி ஜாதி ஜாதியாக மனிதனைத் தேடி வந்து பிடிக்கிறபோது, பக்கத்திலேயே திரிகிற ஐஸ் கட்டிகளை ஏன் பிடிப்பதில்லை? இந்தக் கட்டிகள் நாளைக்கு எங்கே இருக்கும் என்பதை இழுப்பு விசையைக் கொண்டும், அவற்றிலிருந்து வெளிக்கிளம்பும் வாயு கொஞ்சம் தள்ளுவதைக் கொண்டும் கணக்கிட்டுச் சொல்லி விடுகிறார்கள். சூட்சும சக்திக்கென்று கணக்கில் ஒரு காலணாகூட ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. கடைக் கணக்கு காலணா பிசகாமல் நேராகிவிட்டபின், "கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்காளி இருக்கிறான், அவனுக்கும் பங்கு கொடு" என்று ஒருவன் வந்தால் நீங்கள் கொடுப்பீர்களா?

கணக்கின் யோக்கியதைக்கு ஒரு சாட்சி சொல்லுகிறேன். காரிக்லோ என்பது சனிக்கும் யுரேனஸுக்கும் நடுவில் திரியும் ஒரு சென்டார். இது 2013ம் வருஷம் ஜூன் 3ந் தேதி ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று முன்கூட்டியே கணக்கிட்டு, தென் அமெரிக்காவில் பிரேஸில், அர்ஜென்டினா, உருகுவே, சிலி ஆகிய தேசங்களில் தூரதிருஷ்டிக் கண்ணாடிகளுடன் காத்திருந்தார்கள். சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் நட்சத்திரம் மறைந்தது. அதோடு யாரும் எதிர்பாராத சங்கதி ஒன்றும் நடந்தது. மறைவதற்குச் சற்று முன்பும், வெளிப்பட்டதற்குச் சற்றுப் பின்பும், நட்சத்திரம் இமைக்கும் நேரம் மங்கித் தெளிந்தது. அந்தச் சின்னக் கட்டியைச் சுற்றிச் சனிக்கு இருப்பதுபோல இரண்டு வளையங்கள் இருப்பது அதனால் தெரிந்தது. ஒன்று சுமார் 7 கிலோமீட்டரும் மற்றொன்று சுமார் 3 கிலோமீட்டரும் அகலம். அதுவரை வளையம் என்பது நான்கு இராட்சதக் கிரகங்களுக்கே உரியது என்று நினைத்திருந்தவர்கள், 2014ல் வெளிப்படையாக, "எங்கள் நினைப்பு போதவில்லை" என்று உலகத்திற்கு அறிவித்தார்கள்.

இதேமாதிரி கைரோனைக் கண்டுபிடித்தபோது கல் கோள்களின் ஜாபிதாவில் சேர்த்து 2060 என்று இலக்கம் கொடுத்தார்கள். 1989ல் பார்த்தால் அதைச் சுற்றி வால் நட்சத்திரத்திற்கு இருப்பதுபோல் வாயுவும் தூசியுமான புகைமண்டலம் இருந்தது. பிறகு வால் நட்சத்திர ஜாபிதாவிலும் சேர்த்து 95 என்று இலக்கம் கொடுத்தார்கள். இதுதான் அறிவின் நாணயம். தப்பு என்று தெரிந்தால் திருத்திக்கொள்ளும். திருத்திக்கொண்டதை ஊரறியச் சொல்லும். ஜோசியர் சொன்னது பலிக்காவிட்டால் தன் சாஸ்திரத்தைத் திருத்தினதாக நாம் என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? "நீ பிறந்த நேரம் தப்பாயிருக்கும்" என்று நம் தாயின்மேல் அல்லவா தப்பைப் போடுகிறார்!

ஜோசியம் நம் நாட்டு வியாதி மாத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளைக்காரன் நாட்டிலும் இந்த வியாபாரம் இருக்கிறது. கைரோன் கண்டுபிடிக்கப்பட்ட சில வருஷங்களுக்குள்ளாகவே அங்கத்திய ஜோசியர்கள் அதை ஜாதகக் கட்டத்தில் சேர்த்துக்கொண்டு, "இது மனக்காயத்தையும் காயத்தை ஆற்றுவதையும் குறிக்கும் கோள்" என்று புத்தகம் எழுதி விற்றார்கள். இது எங்கிருந்து வந்த ஞானம்? கிரேக்கர் புராணத்தில் கைரோன் என்ற குதிரை மனிதன் வைத்தியம் தெரிந்தவனாம். ஆறாத காயம் பட்டவனாம். ஆகவே அந்தப் பெயர் வைத்த கட்டிக்கும் அதே குணமாம்! பெயர் வைத்தவர் கோவால் என்கிற மனிதர். அவர் அன்றைக்கு வேறொரு பெயரை வைத்திருந்தால், வெள்ளைக்கார ஜாதகர்களுடைய தலைவிதியெல்லாம் வேறு விதமாகியிருக்கும் போலிருக்கிறது. மேலும் 1977க்கு முன்னும் கைரோன் ஆகாயத்தில்தானே இருந்தது? "கணக்கு உதைக்கிறதே, இன்னும் ஒரு கோள் எங்கேயோ இருக்கவேண்டுமே" என்று ஒரு ஜோசியராவது சொன்னதுண்டா? கண்டுபிடிக்கிறவன் ஒருவன், அதை வைத்துக் கல்லாப் பெட்டியை நிரப்புகிறவன் இன்னொருவன்.

நம்முடைய ஜோசியர்களோ இன்னும் வசதியானவர்கள். 1781ல் யுரேனஸும் 1846ல் நெப்டியூனும் கண்டுபிடிக்கப்பட்டபின்னும் நவக்கிரகம் நவக்கிரகமாகவே இருக்கிறது. நட்சத்திரமான சூரியனும், பூமியைச் சுற்றும் சந்திரனும், வஸ்துவே இல்லாத ராகு கேதுவும் அதிலே கிரகங்கள். நாம் நிற்கிற பூமி மாத்திரம் கிரகமல்ல! இந்த ஜாபிதாவை வைத்துக்கொண்டுதான் டெலிவிஷனிலும் கைபேசியிலும் காலையில் பலன் சொல்லுகிறார்கள்.

இவர்கள் சொல்லும் ஏழரைச் சனியையே கணக்குப் பாருங்கள். பன்னிரண்டு இராசியில் மூன்று இராசிக்காரருக்கு எப்பொழுதும் ஏழரைச் சனி நடந்துகொண்டே இருக்கும். அதாவது நாலில் ஒருவருக்கு. உலக ஜனத்தொகை 800 கோடிக்கு மேல் என்றால், இன்றைக்கு 200 கோடிப் பேருக்கு ஏழரைச் சனி. இந்த 200 கோடிப் பேருக்கும் வியாபாரம் நொடித்து, கலியாணம் நின்று, மாடு செத்துக்கொண்டிருக்கிறதா? நாலில் ஒரு பங்கு பேருக்கு எந்த நாளிலும் ஏதாவது கஷ்டம் இருக்கத்தானே செய்யும்? அந்தக் கஷ்டத்தைப் பார்த்து, "சொன்னேன் அல்லவா?" என்பதுதான் இந்த சாஸ்திரம்.

பரீட்சை வைக்காமலே குறை சொல்லுகிறோம் என்பாரும் உண்டு. பரீட்சையும் வைத்தாயிற்று. 2008ல் மகாராஷ்டிரத்தில் வானாராய்ச்சி அறிஞர் ஜெயந்த் நார்லிகர், அங்குள்ள மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கத்தாருடன் சேர்ந்து, நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் 100 பேர், மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, ஜோசியர்களிடம் ஆளுக்கு 40 ஜாதகம் கொடுத்து, எது யாருடையது என்று பிரிக்கச் சொன்னார். 27 ஜோசியர்கள் விடை அனுப்பினார்கள். சரியாக இருந்தது நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் பூவா தலையா போட்டிருந்தாலே நூற்றுக்கு 50 கிடைத்திருக்கும்.

"இதெல்லாம் சரி, ஐஸ் கட்டியைப் பற்றித் தெரிந்துகொள்வதால் நமக்கு என்ன சோறு வரும்?" என்று ஒரு தோழர் என்னைக் கேட்டார். சோறு வராது. ஆனால் இருக்கிற சோற்றைப் பிறர் பிடுங்கிக்கொண்டு போகாமல் காக்கும். அந்த நெசவாளிக்குச் சனி என்பது என்ன, அது எதை இழுக்கும், எதை இழுக்காது என்று பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் யாராவது மனதில் படும்படி சொல்லியிருந்தால், 12,000 ரூபாய்க் கடன் அவர் தலையில் ஏறியிராது. பையன் வீட்டாருக்கும் அதைச் சொல்லியிருந்தால், சம்மதித்த இரண்டு பேர் இன்றைக்குச் சேர்ந்து வாழ்ந்திருப்பார்கள்.

ஆகவே தோழர்களே, இனி உங்கள் வீட்டில் யாராவது வந்து கிரகத்தின் பேரால் ஒரு காரியத்தைத் தடுத்தால், மூன்றே கேள்விகள் கேளுங்கள். என்ன நடக்கும், எந்தத் தேதியில் நடக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீரா? நடக்காவிட்டால் உமது சாஸ்திரம் தப்பு என்று ஒப்புக்கொள்வீரா? வாங்கின பணத்தைத் திருப்பித் தருவீரா? காரிக்லோவின் நிழலுக்குக் காத்திருந்தவர்கள் முதல் இரண்டையும் தாமாகவே செய்தார்கள். மூன்றாவதற்கு வேலையே இல்லை, அவர்கள் யாரிடமும் பரிகாரக் காசு வாங்கவில்லை.

ஆகாயத்துச் சனி ஐஸ் கட்டிகளைப் பிடிக்கட்டும், விடட்டும். அதனால் நமக்கு நஷ்டமில்லை. நம்மைப் பிடித்திருக்கும் சனி நம் பயம்தான். அதற்கு ஹோமம் வேண்டாம், எள் விளக்கு வேண்டாம். அடுத்த வீட்டில் ஜாதகத்தால் நின்றுபோன கலியாணம் ஒன்று இருந்தால், பெண்ணையும் பையனையும் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் ஜாதகத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அதை நடத்தி வையுங்கள்.